மோட்டார் சைக்கிளில் பாட்டரி, செல்ப் கோளாறு: விவசாயிகளே கண்டறியும் முறை

பச்சமலை அடிவாரத்தை ஒட்டிய வேப்பந்தட்டை வட்டாரத்தில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை முக்கியப் பயிர்கள். மானாவாரிக் கரிசல் நிலங்கள் ஊரிலிருந்து தள்ளி இருப்பதால், விவசாயிகளுக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஏர், கலப்பை போலவே ஒரு பண்ணைக் கருவியாகிவிட்டது. உர மூட்டை, தெளிப்பான், விதைப் பை, பால் கேன், அறுத்த தீவனப்புல் எல்லாம் இதில்தான் போகின்றன. பெரம்பலூர் - ஆத்தூர் சாலையில் எந்தக் காலையிலும் இதைப் பார்க்கலாம்.

வண்டி ஒரு காலை கிளம்பாவிட்டால் ஏற்படும் நஷ்டம் மெக்கானிக் கூலியோடு நிற்பதில்லை. 2018-ஆம் ஆண்டு முதல் மக்காச்சோளத்தைத் தாக்கி வரும் படைப்புழுவுக்கு மருந்து தெளிப்பவர்கள் அதிகாலையிலோ மாலையிலோ குருத்துக்குள் படும்படி தெளிக்க வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிந்துவிட்டு வெயில் ஏறிய பிறகு வயலுக்குப் போனால் அன்றையத் தெளிப்பு பலன் குறைந்துவிடுகிறது. வெங்காயத்தைச் சந்தைக்கு நேரத்தில் கொண்டு சேர்க்காதவருக்கு அன்றைய விலை தவறிவிடுகிறது.

இவ்வாறு வண்டி நின்றதும் பலர் செய்யும் முதல் காரியம் புது பாட்டரி வாங்குவது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. வண்டியும் கிளம்புகிறது. ஆனால் இரண்டு மாதத்தில் அதே கோளாறு திரும்ப வந்துவிடுகிறது. பாட்டரி கெட்டதா, பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லையா, செல்ப் பாகத்தில் குறையா என்று பிரித்துப் பார்க்காததே இதற்குக் காரணம். வரிசையாகச் சோதித்தால் பெரும்பாலான கோளாறுகள் தளர்ந்த ஒரு நட்டிலோ, உப்புப் பூத்த ஒரு முனையிலோ, பத்து ரூபாய் பியூஸிலோ முடிந்துவிடும். அந்த வரிசை முறை இங்கே விளக்கப்படுகிறது.

மின்சாரம் வரும் வழி

வண்டியின் மின்னமைப்பைத் தோட்டத்துக் கிணற்றோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். இன்ஜின் சுற்றும்போது அதன் பக்கவாட்டு மூடிக்குள் காந்தச் சக்கரமும் சுற்றுகிறது. இதை மெக்கானிக்குகள் 'மேக்னட்' என்பார்கள். அதற்குள் இருக்கும் காயிலில் மின்சாரம் உண்டாகிறது. இது கிணற்று மோட்டார் போன்றது. இங்கு உண்டாவது மாறு மின்னோட்டம். பாட்டரிக்கு வேண்டியது நேர் மின்னோட்டம். எனவே இடையில் 'ஆர்.ஆர். யூனிட்' எனப்படும் ரெகுலேட்டர் ரெக்டிபையர் இருக்கிறது. இது மின்சாரத்தை நேராக்குவதோடு, அளவுக்கு மீறாமலும் பார்த்துக்கொள்கிறது. குழாயில் வைத்த வால்வுக்கு இதை ஒப்பிடலாம். பாட்டரி தண்ணீர்த் தொட்டி. ஹாரன், இண்டிகேட்டர், செல்ப் மோட்டார் ஆகியவை தொட்டியிலிருந்து பாயும் வாய்க்கால்கள்.

தொட்டி வற்றிக் கிடந்தால் தொட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை. மோட்டார் ஓடுகிறதா, வால்வு திறக்கிறதா, தொட்டியில் ஓட்டை உண்டா என்று பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளிலும் அப்படியே.

வண்டியின் காலத்தை அறிதல்

எல்லா வண்டிகளுக்கும் ஒரே சோதனை பொருந்தாது. சென்னையில் 1955-இல் தயாரிக்கத் தொடங்கிய புல்லட் வண்டிகளின் பழைய மாடல்களில் பாயிண்ட், கண்டென்சர் மூலம் பிளக்கில் பொறி உண்டாக்கும் முறை இருந்தது. அவற்றின் ஹெட்லைட் மூடியில் ஆம்பியர் மீட்டர் ஒன்றும் இருக்கும். வண்டி ஓடும்போது அதன் முள் கூட்டல் குறிப் பக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பாயிண்ட் கருகினாலும் இடைவெளி மாறினாலும் வண்டி கிளம்பத் தகராறு செய்யும்.

1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட், 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகியவை கிராமங்களில் வேகமாகப் பரவின. அந்தக் காலத்து நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில் பிளக்கிற்கான மின்சாரம் மேக்னட்டிலிருந்து நேராக வந்தது. பாட்டரியைக் கழற்றி வைத்தாலும் கிக்கரை உதைத்து ஓட்ட முடிந்தது. ஹெட்லைட்டும் பல வண்டிகளில் மேக்னட்டிலிருந்தே எரிந்தது. ஹாரன், இண்டிகேட்டர் மட்டும் பாட்டரியை நம்பியிருந்தன. ஆகவே இத்தகைய வண்டியில் ஹெட்லைட் பளிச்சென்று எரிவதை வைத்து பாட்டரி நன்றாக இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஹாரன் சத்தம் கரகரப்பாகி, இண்டிகேட்டர் மங்கினால் குறை பாட்டரிப் பக்கம்தான்.

2017 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த புது வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரியும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த பிறகு கார்புரேட்டர் போய், பெரும்பாலான வண்டிகளில் எரிபொருளை மின்சாரத்தால் பீச்சும் முறை வந்துவிட்டது. பெட்ரோல் பம்ப், கட்டுப்பாட்டுப் பெட்டி, பல சென்சார்கள் ஆகிய அனைத்துக்கும் மின்சாரம் வேண்டும். பாட்டரி அடியோடு இறங்கிவிட்டால் கிக்கரை உதைத்தாலும், தள்ளிவிட்டு கியர் போட்டாலும் பல வண்டிகள் கிளம்புவதில்லை. பழைய வண்டியை வைத்திருந்தவர்கள் புது வண்டி வாங்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும். முன்பு பாட்டரி பராமரிப்பில் அசட்டையாக இருந்தாலும் வண்டி ஓடியது. இப்போது ஓடாது.

வேண்டிய கருவிகள்

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. மின் சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கைத்தெளிப்பான் பாட்டரியையும் டிராக்டர் பாட்டரியையும் இதனாலேயே சோதிக்கலாம். மீட்டர் இல்லாதவர்கள் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்துச் சோதனை விளக்காகப் பயன்படுத்தலாம். இவற்றோடு ஸ்பானர், உப்புத்தாள், வாஸ்லின், இன்சுலேஷன் டேப், வண்டிக்கு உரிய அளவில் இரண்டு பியூஸ் ஆகியவை போதும்.

முதல் படி: இணைப்பும் பியூஸும்

சீட்டைக் கழற்றியோ பக்க மூடியைத் திறந்தோ பாட்டரியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ உப்புப் பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை அடிக்கடி ஏற்றிச் செல்லும் வண்டிகளில் உரத்தூள் ஈரத்தோடு சேர்ந்து வயர் முனைகளை விரைவில் அரித்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் முனைகளைத் தேய்த்துக் கழுவினால் உப்பு கரைந்துவிடும். இந்தக் கரைசல் பாட்டரி அறைகளுக்குள் புகுந்துவிடக் கூடாது. காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவ வேண்டும்.

கழற்றும்போது கழித்தல் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் வண்டிச் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

கழித்தல் முனையிலிருந்து போகும் எர்த் வயர் இன்ஜினிலோ சட்டத்திலோ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பெயிண்ட், துரு, சேறு இருந்தால் சுரண்டி எடுத்து இறுக்க வேண்டும். செல்ப் எடுக்கவில்லை என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் இந்த எர்த் தளர்வே காரணமாக இருப்பது உண்டு.

அடுத்தது பியூஸ். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புது பியூஸ் போட வேண்டும். திரும்பவும் உடனே போனால் எங்கோ வயர் தோல் உரிந்து சட்டத்தில் படுகிறது என்று பொருள். ஹேண்டில் திரும்பும் இடம், சீட்டின் அடி, பின் மட்கார்டு ஆகிய மூன்று இடங்களில் முதலில் தேட வேண்டும். பாரம் ஏற்றிய சீட்டு அமுங்கி வயரை நசுக்குவதும், கொட்டகையில் நிறுத்திய வண்டியில் எலி கடிப்பதும் கிராமத்தில் சாதாரணம். பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டிக் காகிதத்தையோ தாமிரக் கம்பியையோ சுற்றினால் பியூஸுக்குப் பதிலாக வயரிங் முழுவதும் எரிந்துபோகும்.

இரண்டாம் படி: பாட்டரி

வண்டி ஓடி நின்ற உடனே பாட்டரியை அளந்தால் கூடுதலாகக் காட்டும். இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் சாவி போடும் முன் அளப்பதே சரி. மல்டிமீட்டரை நேர் மின்சார 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைக் கூட்டலிலும் கறுப்பைக் கழித்தலிலும் வைக்க வேண்டும்.

12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பாட்டரியில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. 10.5 அளவில் நின்று, சார்ஜ் செய்தும் ஏறாவிட்டால், ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது எனலாம். ஒவ்வோர் அறைக்கும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல் என்பதால் ஓர் அறை போனால் அந்த அளவு குறைகிறது. அத்தகைய பாட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

மூடி திறக்கும் பாட்டரியாக இருந்தால் திரவ மட்டம் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரிலும் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் உள்ள உப்பு தகடுகளைக் கெடுத்துவிடும். ஆசிட் ஊற்றுவதும் தவறு. ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒப்படர்த்தியைப் பார்க்கலாம். 1.260 முதல் 1.280 வரை முழு சார்ஜ். ஐந்து அறைகளில் ஒரே அளவும் ஓர் அறையில் மட்டும் மிகக் குறைவும் காட்டினால் அந்த அறை கெட்டுவிட்டது.

மீட்டர் இல்லாதவர் சாவியைப் போட்டு ஹாரனை அழுத்தி, பிரேக் விளக்கையும் இண்டிகேட்டரையும் கவனிக்கலாம். செல்ப் பட்டனை அழுத்தும்போது விளக்கு அடியோடு மங்கினால் பாட்டரியிலோ அதன் இணைப்பிலோ குறை. விளக்கு சிறிதும் மங்காமல் செல்ப் மட்டும் சும்மா இருந்தால் பாட்டரியைக் குறை கூற வேண்டியதில்லை. ஸ்விட்ச், ரிலே, செல்ப் மோட்டார் பக்கம் போக வேண்டும்.

இறங்கிய பாட்டரியை வெளியில் சார்ஜ் செய்யும்போது அதன் ஆம்பியர் மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே கொடுக்க வேண்டும். 4 ஆம்பியர் மணி பாட்டரிக்கு 0.4 ஆம்பியர் வீதம் சுமார் 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். கைத்தெளிப்பான்களில் 8 அல்லது 12 ஆம்பியர் மணி பாட்டரி இருப்பதால் அவற்றின் சார்ஜர் கூடுதல் மின்னோட்டம் தருவதாக இருக்கும். சார்ஜரின் மேல் எழுதியுள்ள ஆம்பியரைப் பார்க்காமல் அதைச் சிறிய மோட்டார் சைக்கிள் பாட்டரியில் மாட்டினால் பாட்டரி சூடேறி உப்பிவிடும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில், பீடி, விளக்கு அருகில் இல்லாமல் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: சார்ஜ் ஏறுகிறதா?

புது பாட்டரி வாங்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது. நன்கு சார்ஜ் ஏற்றிய பாட்டரியை வண்டியில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பாட்டரி முனைகளில் மீட்டரை வைக்க வேண்டும். நடுத்தர வேகத்துக்கு ஆக்சிலேட்டரைத் திருகினால் மீட்டர் சுமார் 13.5 முதல் 14.8 வோல்ட் வரை ஏறி நிற்க வேண்டும். ஹெட்லைட் எரியும்போதும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது.

மீட்டர் 12.5 அளவிலேயே நின்று, வேகம் கூட்டியும் ஏறாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. இந்த நிலையில் எத்தனை புது பாட்டரி போட்டாலும் சில நாளில் இறங்கிவிடும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் அளவைக் கட்டுப்படுத்தவில்லை. பாட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைவது, பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது, பாட்டரி உப்புவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

சார்ஜ் ஏறாதபோது முதலில் மேக்னட்டிலிருந்து ஆர்.ஆர். யூனிட்டுக்கு வரும் வயர்களின் பிளக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டியைத் தண்ணீர் பீச்சிக் கழுவியதால் உள்ளே பச்சை படிந்திருக்கலாம். சூட்டில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கலாம். சுத்தம் செய்து மாட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ஆர்.ஆர். யூனிட் சட்டத்தோடு இறுக்கமாகப் பொருந்தி, அதன் இறக்கைகளில் சேறு அப்பாமல் இருக்க வேண்டும். அதன் சூடு காற்றில் போக வேண்டும்.

பிறகு மேக்னட் காயில். பெரிய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே நிறமுடைய மூன்று வயர்கள் வரும். ஆர்.ஆர். யூனிட்டின் இணைப்பைப் பிரித்து, இன்ஜினை ஓடவிட்டு, மாறு மின்சார அளவில் மீட்டரை வைத்து இரண்டிரண்டாக மூன்று சோடிகளையும் அளக்க வேண்டும். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். வேகம் கூடக் கூட அளவும் கூட வேண்டும். ஒரு சோடி மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது. மூன்றும் சரியாக இருந்து பாட்டரிக்கு மட்டும் வராவிட்டால் இடையிலுள்ள ஆர்.ஆர். யூனிட்டில் அல்லது வயரில் குறை. வேகத்தில் இந்த முனைகளில் அதிக வோல்டேஜ் வருவதால் கை படாமல் அளக்க வேண்டும்.

இன்ஜின் நின்ற நிலையில் இந்த மூன்று வயர்களில் எதற்கும் இன்ஜின் உடலோடு தொடர்பு இருக்கக் கூடாது. ஆனால் சிறிய வண்டிகள் பலவற்றில் காயிலின் ஒரு முனையே எர்த்தில் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் தொடர்பு காட்டுவது இயல்பு. இதை அறியாமல் நல்ல காயிலைக் கழற்றிப் போடுவது உண்டு. ஐயம் இருந்தால் வண்டியின் மாடலைச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: செல்ப் எடுக்காவிட்டால்

பட்டனை அழுத்தும்போது கேட்கும் சத்தமே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும்.

சத்தமே இல்லை என்றால் பியூஸ், நிறுத்தும் ஸ்விட்ச், நியூட்ரல், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். கியரில் இருந்தாலோ ஸ்டாண்டு போட்டிருந்தாலோ பல வண்டிகள் செல்ப் எடுக்க அனுமதிப்பதில்லை. வயல் சேறு ஸ்டாண்டு ஸ்விட்சில் அப்பிக்கொண்டால் ஸ்டாண்டை எடுத்த பிறகும் அது போட்டிருப்பதாகவே காட்டும்.

'டக் டக் டக்' என்று விடாமல் அடித்தால் பாட்டரி இறங்கிவிட்டது அல்லது முனை தளர்ந்திருக்கிறது. ரிலேயை இழுக்கும் அளவு மின்சாரம் இருக்கிறது. மோட்டாரைச் சுற்றும் அளவு இல்லை.

ஒரே ஒரு 'டக்' சத்தம் கேட்டு நின்றுவிட்டால் ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம் அல்லது செல்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் விர்ரென்று சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. இது மெக்கானிக் வேலை.

பட்டனை அழுத்தியபடி பாட்டரியில் மீட்டரை வைத்தால் 10 வோல்ட்டுக்கு அருகில் நிற்க வேண்டும். 9.6-க்குக் கீழே சரிந்தால் பாட்டரிக்குப் பலமில்லை. பாட்டரி நன்றாக நின்றும் மோட்டார் மெதுவாகச் சுற்றினால், பாட்டரியின் கழித்தல் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையில் மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்த வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் தடை இருக்கிறது.

எத்தனை முறை முயன்றாலும் செல்ப் பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தக் கூடாது. இடையில் பத்துப் பதினைந்து விநாடி ஓய்வு கொடுக்க வேண்டும்.

செல்ப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால்

இந்நிலையில் பாட்டரியை விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பிளக்கை அதன் மூடியில் மாட்டி, உலோகப் பகுதி இன்ஜின் உடலில் நன்றாகப் படும்படி பிளக் துளையிலிருந்து தள்ளி வைத்து, கிக்கரை உதைத்தால் நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் பிளக்கைச் சுத்தம் செய்து, வண்டிக் கையேட்டில் கண்ட இடைவெளியை வைக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றுக்கு இது 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. பிளக்கை எர்த்தில் படாமல் தொங்கவிட்டபடி உதைத்தால் சி.டி.ஐ. அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி கெடக்கூடும்.

எரிபொருள் பீச்சும் முறை உள்ள வண்டியில் சாவி போட்டதும் டாங்கியின் உள்ளே பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்று ஓடி நிற்கும். இச்சத்தம் கேட்காவிட்டால் பாட்டரி, பியூஸ், நிறுத்தும் ஸ்விட்ச் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது மஞ்சள் எச்சரிக்கை விளக்கு அணையாமல் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

நிற்கும்போதே இறங்கும் பாட்டரி

சார்ஜும் ஏறுகிறது, பாட்டரியும் நல்லது, ஆனால் நாலு நாள் நிறுத்தினால் செல்ப் எடுப்பதில்லை என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. கூடுதலாக மாட்டிய எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், திருட்டுத் தடுப்பு அலாரம் ஆகியவை காரணமாகலாம்.

சாவியை எடுத்துவிட்டு, கழித்தல் வயரைக் கழற்றி, வயருக்கும் பாட்டரி முனைக்கும் இடையில் மீட்டரை மில்லி ஆம்பியர் அளவில் வைத்தால் கசிவு தெரியும். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் இருந்தால் குறையில்லை. 20 மில்லி ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 0.48 ஆம்பியர் மணி போகிறது. 4 ஆம்பியர் மணி பாட்டரி எட்டு நாளில் தீர்ந்துவிடும். கூடுதலாக மாட்டியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது சாவி போடவோ செல்ப் அழுத்தவோ கூடாது; மீட்டர் எரிந்துவிடும்.

வீட்டிலிருந்து டீக்கடை, அங்கிருந்து வயல் என்று ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திச் செல்ப் எடுப்பவர்களின் பாட்டரியும் இறங்கும். ஒவ்வொரு செல்ப்புக்கும் பாட்டரி கொடுப்பதை ஓடும் வண்டி மெல்லத்தான் திருப்பித் தருகிறது. கிக்கர் உள்ள வண்டியில் காலையில் முதல் முறை கிக்கரை உதைத்துக் கிளப்புவது பாட்டரிக்கு நல்லது.

செய்யக் கூடாதவை

இன்ஜின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தை விட வேண்டும். தொட்டி இல்லாத குழாய் போல மின்சாரம் பொங்கி, கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கெடுத்துவிடும். புது வண்டியில் இதன் விலை பல பாட்டரிகளின் விலைக்கு மேல்.

அவசரத்துக்கு டிராக்டர் அல்லது கார் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் அந்த வாகனத்தின் இன்ஜின் நின்றிருக்க வேண்டும். கூட்டலைக் கூட்டலோடு இணைத்து, கழித்தல் வயரின் மறுமுனையைக் கடைசியாக மோட்டார் சைக்கிள் இன்ஜின் உடலில் வைக்க வேண்டும். 24 வோல்ட் லாரியிலிருந்து ஒருபோதும் எடுக்கக் கூடாது. வண்டிச் சட்டத்தில் கேரியர் பற்றவைக்கும்போது பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஆசிட் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பருவத்துக்கேற்ற கவனிப்பு

ஐப்பசி மழை தொடங்கும் முன் பாட்டரி முனைகளையும் எர்த்தையும் ஒரு முறை சுத்தம் செய்து வாஸ்லின் தடவிவிட வேண்டும். பிளக் மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். மக்காச்சோளத் தட்டைகள் நிற்கும் காட்டுக்குள் வண்டியை ஓட்டினால் அடிப்பக்க வயர்கள் இழுபட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பாட்டரித் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருந்தால் கழித்தல் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையில் கிடக்கும் பாட்டரித் தகடுகளில் கெட்டியான உப்பு படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் ஏறாது.

மருந்து தெளிக்கவோ சந்தைக்குப் போகவோ உள்ள நாளின் முந்தைய மாலையே வண்டியை ஒரு முறை செல்ப் எடுத்து, ஹாரனை அழுத்திப் பார்ப்பது நலம். குறை தெரிந்தால் முதலில் இணைப்பு, அடுத்து பாட்டரி, பிறகு சார்ஜ், கடைசியில் செல்ப் என்ற வரிசையில் சோதிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் போக நேர்ந்தாலும் 'காலையில் 12.6 வோல்ட் இருந்தது, இன்ஜின் ஓடும்போது 12.4-க்கு மேல் ஏறவில்லை' என்று சொல்லும் விவசாயிக்கு அவரும் நேரே மேக்னட் பக்கம் கை வைப்பார். வேண்டாத பாட்டரிச் செலவும் மிச்சமாகும்.